ராயப்பன் லாரிக்கு செல்ஃப் மாத்தின கதை

— சோப்புக்கெல்லாம் இது போவாது வஹீதா, மண்ணெண்ணெய ஊத்து.

— முழங்கை வரைக்கும் தோலு உரிஞ்சி கீதே. லாரி கடிச்சி வெச்சிடுச்சாங்க?

— அப்டித்தான் வெச்சிக்கயேன். ராயப்பன் லாரி. இன்னிக்கி அதுக்கு செல்ஃப் மோட்டாரு மாத்திட்டேன். இனிமே சாவியத் திருப்பினா ஸ்டார்ட் ஆவும்.

— கோயில் தெரு ராயப்பன் அண்ணனா? விடிஞ்சும் விடியாம தெருவையே எழுப்பித் தள்ளச் சொல்வாரே, அந்த லாரியா?

— அதேதான். ஆவடில மிலிட்டரி ஏலத்துல எடுத்தது. எடுத்த மறு வருசமே செல்ஃப் பூட்ச்சி. பாத்த மெக்கானிக்கெல்லாம் எஞ்சினையே எறக்கணும்னுட்டாங்க. எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் நடுவுல ஒரு சந்து, அதுல பூந்துகினு கீது அந்த மோட்டாரு. மேல சைலன்சர் பைப்பு. கை போவாது. மனுசன் அப்டியே வுட்டுட்டாரு. மேட்டுல நிறுத்துவாரு, மேடு இல்லாட்டி தள்ளுவாரு. அவரு பின்னாடி தள்ள, ஞானகுமாரி அக்கா ஸ்டீரிங்ல குந்திகினு கிளச்ச வுடுவாங்க. செங்கல் ஏத்தப் போற எடத்துக்கெல்லாம் ரெண்டு பேரும் ஜோடியாத்தான் போவாங்க.

— அப்ப இத்தினி வருசமா வண்டிய ஸ்டார்ட் பண்ணது அக்காதான்.

— அப்டிச் சொல்ல முடியாது. தள்ளினது அவரு.

— அது சரி.

— கேளு. போன வாரம் மாதா கோயில் திருவிழால, சப்பரத்த அவரு லாரிலதான் ஏத்தினாங்க. மார்க்கெட்டாண்ட வந்து நின்னுபோச்சி. மொத்த ஊர்வலமும் பாட்டுப் பாடிகினே தள்ளுது. பேண்டு செட்டுக்காரன் ட்ரம்மக் கீழ வெச்சிட்டுத் தள்ளுறான். ஃபாதர் கோவிக்கல. அடுத்த வருசம் மாட்டு வண்டிக்குச் சொல்லிக்கலாம் ராயப்பான்னாரு, அவ்ளோதான். அது மனுசனத் தெச்சிடுச்சி. சோறு தண்ணி எறங்கலயாம். என்னைக் கையோட புதுப்பேட்டைக்கு இழுத்துகினு போனாரு. கடை கடையா ஏறி எறங்கி, ஒடச்சிப் போட்ட வண்டிலேர்ந்து ஒரு மோட்டாரு கெடச்சுது.

— அத மாட்டத்தான் இந்தக் கோலமா?

— மாட்டுறது அப்புறம், பழச கயட்டணுமே. காலைல அடில படுத்தேன். ரெண்டு போல்ட்டக் கயட்டியாச்சி, மோட்டாரு அசையல. தடவித் தடவிப் பாத்தா, பைப்புக்குப் பின்னாடி மூணாவது ஒண்ணு ஒளிஞ்சிகினு கீது. கண்ணுக்கே தெரியாது. ராயப்பன மூஞ்சி பாக்குற கண்ணாடி ஒண்ணப் புடிக்கச் சொல்லி, அதுல பாத்துகினே ஸ்பானரத் திருப்பினேன். சாப்பாட்டு நேரம் வரைக்கும் திருப்பினேன்.

— கயண்டுச்சா?

— டைட்டாயிடுச்சி. கண்ணாடில எல்லாம் இடம் வலமாத் தெரியும். எனுக்கு ஒறைக்கல.

— இதுக்குத்தான் ஊர்ல உங்கள மேஸ்திரி மேஸ்திரின்றாங்களா?

— சிரிக்காத. அப்பத்தான் அக்கா சோத்துக் கூடையோட வந்தாங்க. ஸ்டீரிங் காலடில ஒரு மூடி கீதே, எப்பவும் என் செருப்பு மாட்டுது, அது எதுக்குன்னு கேட்டாங்க. மிதியடியத் தூக்கிப் பாத்தா ஒரு தகட்டு மூடி. ஸ்க்ரூவ எடுத்துட்டு எட்டிப் பாத்தேன். நேரா கீழ அந்த போல்ட்டு, என்னைப் பாத்து சிரிக்குது.

— அக்காவ காலைலயே ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்.

— யாருக்குத் தோணும்? சரி, புது மோட்டார மாட்டி அக்காவ சாவியத் திருப்பச் சொன்னேன். வண்டி கியர்ல கெடந்திருக்கு. ஒரே திருப்பு, எஞ்சின் உறுமி வண்டி முன்னாடி பூட்ச்சி. ராயப்பன் பழக்க தோசத்துல பின்னாடி நின்னு பாடிமேல கைய ஊனிகினு கீறாரு. வண்டி போச்சா, அவரு குப்புற சேத்துல.

— அல்லாவே. அடி பட்டுச்சா?

— பட்டாலும் அவருக்குத் தெரியாது, அவ்ளோ சந்தோசம். சேத்தோட எழுந்து வந்து அக்கா கையப் புடிச்சிகினாரு. ஞானம், இத்தினி வருசமா உன்னை வெயிலு மழைன்னு இழுத்தடிச்சிட்டேன், நாளைலேர்ந்து நீ வரவே வேணாம், ராணி மாதிரி ஊட்டுல குந்துன்னாரு. எனுக்கே கண்ணு கலங்கிடுச்சி.

— அக்கா இன்னா சொன்னாங்க?

— எஞ்சின ஆஃப் பண்ணி, மறுபடி சாவியத் திருப்பி ஸ்டார்ட் பண்ணிப் பாத்தாங்க.

— திருமழிசை, ஆவடி, முகப்பேர்ல கட்டுற ஊடுங்கன்னு அக்கா சுத்தாத எடமில்ல. சாயங்காலம் வந்து அதெல்லாம் சொல்வாங்க, நாங்க வாயப் பொளந்துகினு கேப்போம். நாங்கெல்லாம் இந்தத் தெருவத் தாண்டினது எப்பன்னு சொல்லுங்க.

— இப்ப எதுக்கு அந்தப் பேச்சு? பேஜாரே இனிமேத்தான் கீது. அவரு குளிக்கப் போனாரு, நான் டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தா வண்டியக் காணோம். தள்ளுற வண்டியா இருந்தவரைக்கும் ஒருத்தன் தொடல. ரிப்பேரு பாத்த அன்னிக்கே எவனோ தூக்கிகினு பூட்டான். பாவம், ராயப்பன் போலீஸ் டேசன்ல இடிஞ்சி போய் குந்திகினு கீறாரு. நான் போய் சாட்சி சொல்லணும், சட்டைய எடு.

— போவாதீங்க.

— ஏன்? ஆமா, நீ இன்னா பெருநாள் சேலையக் கட்டிகினு கீறே?

— தெருமுனைல ஹாரன் அடிக்குது கேக்குதா, ஞானகுமாரி அக்காதான். சுசீலா, பொன்னியம்மா எல்லாம் லாரி பின்னாடி ஏறியாச்சு, தீவுத்திடல் பொருட்காட்சிக்குப் போறோம், சோறு மூடி வெச்சிருக்கேன், ராயப்பன் அண்ணனயும் கூட்டாந்து ரெண்டு பேரும் போட்டுத் துண்ணுங்க.