மூணு பூஜ்யத்துல எது கம்மி?

பேச்சை இங்க கொஞ்சம் நிறுத்திட்டு ஒரு சின்னக் கதை சொல்றேன், கேக்குறீங்களா? மேடையில இருக்குற அதிகாரிங்க கோவிச்சுக்கக் கூடாது... கோவிச்சுக்கிட்டாலும் சொல்லத்தான் போறேன்!

தெக்க ஒரு பெரிய ஆஸ்பத்திரி. டோக்கன் வாங்க விடியுறதுக்கு முன்னாடியே வரிசை. வைத்தியம் பாக்க வந்தவங்க நின்னு நின்னே புது வியாதி வாங்கிட்டுப் போவாங்க. அந்த வரிசையில முட்டியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறவர் சுடலைமாடன். அவர் மக இசக்கியம்மாள் அங்கேயே கம்ப்யூட்டர் இன்ஜினியர். ஆனா மக பேரைச் சொல்லி முன்னாடி போக மாட்டார், மானஸ்தன்!

அப்பா படுற பாட்டைப் பாத்து, வீட்டுல இருந்தே போன்ல டோக்கன் எடுக்க அந்தப் பொண்ணு ஒரு சாப்ட்வேர் எழுதிட்டா. எல்லாம் ரெடி. ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி... அப்ளிகேஷன் சர்வர். அது என்னன்னு கேக்குறீங்களா? ஓட்டல்ல நீங்க ஆர்டர் சொன்னா உள்ள இருந்து தோசை ஊத்தி அனுப்புறார் பாருங்க மாஸ்டர், கம்ப்யூட்டர்ல அந்த மாஸ்டர் வேலையைப் பாக்குறது அதுதான். அந்த மாதிரி மூணு சர்வர் இருக்கு, அதுல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கணும். மூணும் இலவசம்.

இலவசம்னா நாளைக்கே வேலை முடியணுமா இல்லையா? போட்டாங்கய்யா ஒரு கமிட்டி! தலைவர் ஞானப்பிரகாசம் கேட்டார்:

"மூணு கொட்டேஷன் எங்கம்மா?"

"சார், இலவசத்துக்கு யார் சார் கொட்டேஷன் குடுப்பா?"

"எதை எடுத்தாலும் மூணு இடத்துல விலை கேட்டு எழுதி வாங்கணும், ரூல்னா ரூல். நீயே டைப் அடிச்சுக் கொண்டா."

அடிச்சா. ரூபாய் பூஜ்யம்... ரூபாய் பூஜ்யம்... ரூபாய் பூஜ்யம். தலைவர் கண்ணாடியைத் துடைச்சு மாட்டிக்கிட்டுப் பாத்தார்.

"இதுல எதும்மா கம்மி?"

சிரிக்காதீங்க! அந்த ஒரு கேள்விக்குப் பதினோரு மாசம் உக்காந்தாங்க. ஒரு மெம்பர் சொன்னார், "பேரம் பேசினா பூஜ்யத்துல கொஞ்சம் குறைப்பாங்க." இன்னொருத்தர், "மூணும் ஒரே விலைன்னா உள்ள ஏதோ கூட்டு இருக்கு சார், விசாரிக்கணும்!" அதுக்கு ஒரு துணைக் கமிட்டி!

தினமும் வீட்டுல சுடலைமாடன் கேப்பார், "இன்னும் ஆகலையாட்டி?" அவ பாவம், தைலத்தை எடுத்து அப்பா முட்டிக்குத் தேய்ச்சு விடுவா.

ஒருநாள் ஞானப்பிரகாசத்துக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு. நேரா எலும்பு டாக்டர் ரூமுக்குப் போனார். வாசல்ல இருந்த நர்ஸம்மா, "டோக்கன் இல்லாம விட ரூல் இல்ல சார். அந்த ரூல்ல கையெழுத்துப் போட்டதே நீங்கதான்!" வந்து நின்னார் வரிசையில... சுடலைமாடனுக்குப் பின்னாடி.

"என்ன சோலி பாக்கீய சார்?"

"இந்த வரிசையை ஒழிக்கிற கமிட்டிக்குத் தலைவர்."

சுடலைமாடன் அவரை மேலயும் கீழயும் பாத்தார். "எத்தனை மாசமா ஒழிக்கீய?"

"பதினோரு மாசமா..."

"அப்ப சரி. செத்த தள்ளி நில்லுங்க, என் முட்டியில இடிக்காதீய."

மூணு மணி நேரம் நின்னார் மனுஷன். இடுப்பைப் பிடிச்சுக்கிட்டே நேரா இசக்கியம்மாள் மேசைக்குப் போனார். பதினோரு மாசத்துல யாரும் கேக்காத கேள்வியைக் கேட்டார்: "ஏம்மா... இந்த மூணுல உனக்கு எதை ஓட்டத் தெரியும்?"

"ரெண்டாவது சார். இங்க மத்த வேலைக்கெல்லாம் நாலு வருஷமா அதைத்தான் ஓட்டுறேன். கெட்டுப்போனா பத்து நிமிஷத்துல சரி பண்ணிடுவேன்."

"இதை ஏம்மா முன்னாடியே சொல்லலை?"

"கொட்டேஷன்ல அதுக்குக் கட்டம் இல்லையே சார்!"

அன்னைக்குச் சாயங்காலமே சர்வர் ஓடிச்சு.

இப்ப உங்களைக் கேக்குறேன். உங்க ஆபீஸ்ல, உங்க வீட்டுல, ஒண்ணைத் தேர்ந்தெடுக்க உக்காருறீங்களே... விலையைக் கேக்குறீங்க, பேரைக் கேக்குறீங்க, ஊர் என்ன சொல்லுதுன்னு கேக்குறீங்க. தினமும் அதோட மல்லுக்கட்டப் போறவங்களைக் கேட்டீங்களா? அவங்களைக் கேக்காம நீங்க யோசிக்கிற ஒவ்வொரு நாளும், யாரோ ஒருத்தர் வலியோட நின்னுக்கிட்டு இருக்காருங்க. முதல்ல போய்க் கேளுங்கய்யா!