ஒரே தெருவுல ரெண்டு கேஸ்

தங்கபுஷ்பம்: ...சுவத்துக்கு அந்தப் பக்கம் எங்கனயாவது கெடக்கான்னு கொஞ்சம் பாருங்க மாமி. காலையில இருந்து தேடுதேன். கருப்பட்டியக் காணல.

விஜயலக்ஷ்மி: இங்க வரலைம்மா.

தங்கபுஷ்பம்: பாக்காமலே சொல்லுதியளே.

விஜயலக்ஷ்மி: பார்க்கணுமா என்ன? உன் பூனை இந்தப் பக்கம் வரப்படாதுன்னுதானே ஒரு மாசமா கத்திண்டிருக்கேன். அதுக்கு வந்திருக்கறது சாதாரண வியாதியா?

தங்கபுஷ்பம்: உங்க பூனைக்கும் அதே சீக்குதான மாமி.

விஜயலக்ஷ்மி: உன்னோடதுகிட்டேர்ந்துதான் ஒட்டிண்டுது.

தங்கபுஷ்பம்: ஏன், உங்கதுகிட்ட இருந்து எங்க கருப்பட்டிக்கு ஒட்டிருக்கக் கூடாதாக்கும்?

விஜயலக்ஷ்மி: என் பட்டு ஆத்தை விட்டு வெளியில போறவளே இல்லை. உன்னோடதுதான் ஊர்சுத்தி.

தங்கபுஷ்பம்: பொழுதன்னைக்கும் எங்க அடுப்படியிலதான் மாமி கெடக்கும். காலையில மட்டும் கொஞ்சம் வெளிய போவும்...

விஜயலக்ஷ்மி: பட்டுவும் மத்தியானத்துக்கு மேல மட்டும்... சித்த காலாற நடந்துட்டு வருவா.

தங்கபுஷ்பம்: ம்...

விஜயலக்ஷ்மி: என்ன ம்?

தங்கபுஷ்பம்: ஒண்ணுமில்ல.

விஜயலக்ஷ்மி: டாக்டர் என்ன சொன்னார் தெரியுமோ? ரத்தத்துல புத்து. மனுஷாளுக்கு ஒட்டாது. பூனைக்குப் பூனை எச்சல் பட்டா ஒட்டிக்கும். மருந்து கிடையாது, இருக்கற வரைக்கும் நன்னா வெச்சுக்கோங்கோன்னுட்டார்.

தங்கபுஷ்பம்: எங்கிட்டயும் அதத்தான் சொன்னாரு. ரத்தத்தக் கண்ணாடியில வச்சுப் பாத்தாரு. எந்த ஏரியான்னு கேட்டாரு. அபிராமபுரம்னேன். மனுசனுக்குச் சந்தோசம் தாங்கல!

விஜயலக்ஷ்மி: சந்தோஷமா!

தங்கபுஷ்பம்: அவரு சர்வீசுல இந்தச் சீக்கு ரெண்டே ரெண்டு பூனைக்குத்தான் பாத்துருக்காராம். ரெண்டும் ஒரே தெருவாம். சீமைப் பத்திரிகைக்கு எழுதிப் போடப் போறாராம்.

விஜயலக்ஷ்மி: என்கிட்டயும் சொன்னார். உங்க தெருத் தண்ணியைப் பிடிச்சு டெஸ்ட் பண்ணணும்னார். பாவம், நல்ல மனுஷன்.

தங்கபுஷ்பம்: அவ்வளவு தூரம் எப்படி மாமி கொண்டுபோனிய?

விஜயலக்ஷ்மி: ஒயர் கூடையில. மேல மாமாவோட பழைய வேஷ்டியைப் போட்டு மூடினேன். பல்லவன் பஸ்ல கண்டக்டர் கேட்டான், உள்ள என்ன மாமின்னு. பலாப்பழம்னேன். அந்த நேரம் பார்த்து அது மியாவ்ங்கறது. "நல்லாப் பழுத்துடுச்சு போல மாமி"ங்கறான், கட்டையில போறவன்.

தங்கபுஷ்பம்: நான் எவர்சில்வர் டிரம்முல. அரிசி போட்டு வைக்க எங்க பாத்திரக் கடையில விக்கிறதுல்லா, அது. மூச்சு விடணுமேன்னு மூடியில ஆணிய வச்சு ஓட்டை போட்டேன். அதப் பாத்துட்டு எங்க வீட்டுக்காரவுக ஒரு நா பூரா எங்கூடப் பேசல. பூனைக்குப் புத்துன்னு சொன்னப்பக்கூட மொகம் அப்படிச் சுருங்கல.

விஜயலக்ஷ்மி: அந்த டிரம்மைத்தான் இன்னிக்கு வாசல்ல கொண்டு வெச்சிருக்காரா?

தங்கபுஷ்பம்: ம்.

விஜயலக்ஷ்மி: எதுக்கு?

தங்கபுஷ்பம்: உங்களுக்குத் தெரியாதாக்கும். நேத்து அவுக போட்ட சத்தம் அடையாத்துக்கே கேட்டுருக்கும். கருப்பட்டிய இன்னைக்கு டாக்டர்ட்ட கொண்டுபோறாக. ஊசி போட.

விஜயலக்ஷ்மி: சத்து ஊசியா?

தங்கபுஷ்பம்: ஒரேயடியாத் தூங்க வைக்கிற ஊசி மாமி.

விஜயலக்ஷ்மி: பெருமாளே! ஏனாம்?

தங்கபுஷ்பம்: "அதுவும் எந்திரிக்க மாட்டேங்குது, நீயும் அதுகிட்ட உக்காந்து அழுதுகிட்டே கெடக்க, என்னால பாக்க முடியல"ன்னுதாக. அவுக கெட்டவுக இல்ல. ஒண்ண முடிவு பண்ணிட்டா மாத்த மாட்டாக, அம்புட்டுதான்.

விஜயலக்ஷ்மி: நீ வேண்டாம்னு சொல்லப்படாதோ?

தங்கபுஷ்பம்: சொல்லாம இருப்பேனா? சோத்துல பாதியில எந்திரிச்சுப் போயிட்டாக.

விஜயலக்ஷ்மி: ...சரி. உன் பூனை, உன் ஆத்துக்காரர். நான் என்ன சொல்றது?

தங்கபுஷ்பம்: ஆமா. உங்க பூனை நல்லாருக்கா?

விஜயலக்ஷ்மி: அவளுக்கென்ன. தூங்கிண்டிருக்கா.

தங்கபுஷ்பம்: எங்கன?

விஜயலக்ஷ்மி: எங்கேயோ.

தங்கபுஷ்பம்: உள்ளயே வச்சுக்கிடுங்க மாமி. கதவச் சாத்திருங்க. எங்க கருப்பட்டி வந்து மூஞ்சிய நக்கிரப் போவுது.

விஜயலக்ஷ்மி: கருப்பட்டியைத்தான் காணோமே?

தங்கபுஷ்பம்: வந்துட்டா! ...ஜன்னலையும் சாத்துங்க. எங்க வீட்டுக்காரவுக கடைக்குக் கெளம்புத வரைக்கும்.

விஜயலக்ஷ்மி: அவர் கடைக்குப் போறதுக்கும் என் பட்டு ஜன்னலுக்கும் என்னம்மா சம்பந்தம்?

தங்கபுஷ்பம்: காத்து... காத்துல பரவும்லா.

விஜயலக்ஷ்மி: எச்சல்ல பரவும்னார் டாக்டர்.

தங்கபுஷ்பம்: எச்சி காத்துல வராதாக்கும்? ...இந்தா, தேடிக்கிட்டுத்தாங்க இருக்கேன்! பொறவாசல்ல பாக்கேன்! கெணத்தடியிலயும் இல்ல!

விஜயலக்ஷ்மி: ஏன் இப்படிக் கத்தறே? மாமா காதுல விழப்போறது.

தங்கபுஷ்பம்: எங்க வீட்டுக்காரவுக காதுல விழணும்னுதான் மாமி கத்துதேன். மாமா என்ன சொல்லப் போறாக?

விஜயலக்ஷ்மி: உனக்கென்ன தெரியும்! எங்காத்துல பூனைன்னாலே அவருக்கு ஆகாது. பால்தான் சாப்பிடறது, பின்கட்டைத் தாண்டி உள்ள வராதுன்னு நான் சத்தியம் பண்ணினப்புறம்தான் பட்டுவுக்கு இடமே கிடைச்சுது.

தங்கபுஷ்பம்: உங்க பட்டு மீன் திங்காதோ?

விஜயலக்ஷ்மி: ராம ராம! பாலும் பருப்புஞ்சாதமும்தான்.

தேசம்மா: மீனேய்... மீனு... இன்னாமா, ரெண்டு பேரும் காலங்காத்தால செவுத்துல சாஞ்சிக்கினு கீறீங்க? இந்தா தங்கபுஷ்பம்மா, கருப்பட்டிக்குக் கவள மீனு. பெசன்ட் நகர்லேர்ந்து எட்த்தாந்தேன், இப்பத்தான் கரைக்கி வந்திச்சி.

விஜயலக்ஷ்மி: கூடையை அந்தப் பக்கமே வெச்சுக்கோ தேசம்மா. மாமா வந்துடுவார்.

தேசம்மா: உங்க ஐயரு எங்க வரப்போறாரு? வாசல்ல அண்ணாச்சியப் புட்ச்சினு பேசிக்கினு கீறாரு.

தங்கபுஷ்பம்: எங்க வீட்டுக்காரவுககிட்டயா? என்ன பேசுதாக?

தேசம்மா: அண்ணாச்சி டிரம்மக் கையில வச்சினு உள்ள போலாம்னு திரும்புறாரு. ஐயரு வுடல. பித்தளைல இன்னா கலக்கறீங்கன்றாரு, செப்புச் சொம்பு ஏன் கறுக்குதுன்றாரு, ஈயம் பூசினா எத்தினி நாளு தாங்கும்ன்றாரு. அண்ணாச்சி மூஞ்சியப் பாக்கணுமே!

விஜயலக்ஷ்மி: மாமாவா? நீங்க குடி வந்த நாள்லேர்ந்து உன் ஆத்துக்காரரைப் பார்த்து ஒரு தலையாட்டல், அதோட சரி. இன்னிக்கு என்ன... ஐயோ, எதையாவது பார்த்துட்டாரோ?

தங்கபுஷ்பம்: எதப் பாத்தாக?

விஜயலக்ஷ்மி: ஒண்ணுமில்லை.

தேசம்மா: இன்னா, பூன காணாமா?

தங்கபுஷ்பம்: ஆமா தேசம்மா. எங்க கருப்பட்டிய.

தேசம்மா: ரெண்டு ஊட்லயும் பாத்தாச்சா?

தங்கபுஷ்பம்: ரெண்டு வீட்டுலயும் எதுக்குப் பாக்கணும்?

தேசம்மா: பின்ன, இருக்கறதே ஒரு பூன தான, அது...

தங்கபுஷ்பம்: தேசம்மா!

விஜயலக்ஷ்மி: வாயை மூடுடி!

தேசம்மா: எம்மாடி... நா இன்னா சொல்லிட்டேன் இப்ப?

தங்கபுஷ்பம்: ...மாமி.

விஜயலக்ஷ்மி: என்ன?

தங்கபுஷ்பம்: அவ வாய நீங்க ஏன் மூடச் சொன்னிய?

விஜயலக்ஷ்மி: நீ ஏன் கத்தினே?

தேசம்மா: நல்லாக் கீதே கத! காலீல மாமி ஊட்ல பாலு, மதியானம் அண்ணாச்சி ஊட்ல மீனு. தெருவே சொல்லிக்கினு கீது. உங்க ரெண்டு பேருந்தான் தெரியாத மாறி கீறீங்க.

தங்கபுஷ்பம்: உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும் மாமி?

விஜயலக்ஷ்மி: முதல்ல நீ சொல்லு.

தங்கபுஷ்பம்: ஒரு வெள்ளிக்கெழம நெத்தியில செவப்பா ஒத்தக் கோடு இழுத்துக்கிட்டு வந்து நின்னுச்சு. எங்க வீட்டுல பூனைக்குப் பொட்டு வைக்கிற வழக்கம் கெடையாது.

தேசம்மா: பூனைக்கு நாமம் போட்டுட்டீங்களா மாமி!

விஜயலக்ஷ்மி: ஸ்ரீசூர்ணம்டி. வியாதி நீங்கட்டும்னு இட்டேன். தப்பா?

தங்கபுஷ்பம்: தப்பில்ல மாமி. நானும் அதத் தொடைக்கல. உங்களுக்கு?

விஜயலக்ஷ்மி: பால் குடிச்ச பூனை ஏப்பம் விட்டா மீன் நாத்தம் அடிக்குமா? மொதல்ல ஆத்திரமா வந்துது. அப்புறம் பார்த்தேன்... நான் வைக்கற பாலை மோந்து பார்த்துட்டுத் திரும்பிப் படுத்துக்கும். உன் ஆத்துலேர்ந்து வந்த அன்னிக்குத்தான் வாலைத் தூக்கிண்டு நடக்கும். போறது, சாப்பிடட்டும்னு விட்டுட்டேன்.

தேசம்மா: வுட்டுட்டீங்களா? தெனமும் அந்த ஊட்ல நல்ல கவளயாப் போட்டுட்டு வா தேசம்மா, நான் பாத்துக்கறேன்னு எங்கையில சொன்னது யாரு?

தங்கபுஷ்பம்: அப்ப நீ பூனைக்குன்னு சும்மா குடுத்தது எல்லாம்...

தேசம்மா: நா ஏன் சும்மா குடுக்கறேன்? எனுக்கு இன்னா பைத்தியமா?

விஜயலக்ஷ்மி: உன்கிட்டப் போய் ரகசியம் சொன்னேன் பாரு!

தங்கபுஷ்பம்: மாமி... மீன் வாங்குனியளா நீங்க!

விஜயலக்ஷ்மி: நான் எங்கே வாங்கினேன்? அவ குடுத்தா, நீ வாங்கினே, அது சாப்ட்டுது. நான் கண்ணால பார்த்தேனா?

தங்கபுஷ்பம்: ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லிருக்கலாம்லா.

விஜயலக்ஷ்மி: சொன்னா அது உன் பூனைன்னு ஆயிடுமே. நீதான் மொதல்ல வளர்த்தேன்னு எடுத்துண்டு போயிட்டா நான் என்ன பண்ணுவேன்? நீ ஏன் சொல்லலை?

தங்கபுஷ்பம்: நானும் அதுக்குப் பயந்துதான் மாமி. நீங்க பெரியவுக. குடுத்துருன்னா குடுக்கணும்.

விஜயலக்ஷ்மி: போயிடும்னு டாக்டர் சொன்னதுலேர்ந்து எனக்குத் தளிகை பண்ணக் கையே ஓடலைடி. உப்புப் போட்டேனா இல்லையான்னு தெரியறதில்லை.

தங்கபுஷ்பம்: எனக்கு மட்டும்? ...ஐயையோ மாமி! மாத்திரை!

விஜயலக்ஷ்மி: என்ன மாத்திரை?

தங்கபுஷ்பம்: டாக்டரு ஆளுக்கு ஒரு டப்பி குடுத்தாருல்லா! ரெண்டு வீட்டுலயும் குடுத்துருந்தா...

விஜயலக்ஷ்மி: பதறாதே. ரெட்டிப்பா ஆயிடப்படாதேன்னு நான் குடுக்கவே இல்லை. நீதான் குடுக்கறியேன்னு இருந்துட்டேன்.

தங்கபுஷ்பம்: நான் எங்க குடுத்தேன்? நீங்க குடுப்பியன்னுல்லா நான் நிறுத்திப்போட்டேன்!

தேசம்மா: அப்போ அத்த யாருதான் குடுத்தீங்க?

தங்கபுஷ்பம்: ரெண்டு வாரத்துக்கு முன்னால காட்டப் போனப்ப, மாத்திரை நல்லா வேலை செய்யுதும்மா, விடாமக் குடுங்கன்னாரே அந்த டாக்டரு!

விஜயலக்ஷ்மி: என்கிட்டயும் அதேதான் சொன்னார். ரெண்டு கேஸும் நன்னா முன்னேறறதுன்னார். சிரிக்காதேடி... சிரிக்காதே, எனக்கும் வர்றது.

தேசம்மா: மாதாவே, என் கவளதான் வைத்தியம்னு பத்திரிகைல எழுதச் சொல்லு.

தங்கபுஷ்பம்: பசியெடுக்கத்தான் அந்த மாத்திரைன்னாரு... பாவி மட்டைகள் நாம ரெண்டு பேரும். சரி, இப்பமாவது சொல்லுங்க. எங்கன மாமி வச்சுருக்கிய?

விஜயலக்ஷ்மி: மெதுவாப் பேசு... பெருமாள் உள்ளில இருக்கு.

தங்கபுஷ்பம்: என்னது! சாமி ரூமுலயா!

விஜயலக்ஷ்மி: நான் வைக்கலைம்மா! காத்தால விளக்கேத்தப் போனா, மாமாவோட மடி வேஷ்டியில சுருண்டு படுத்துண்டிருக்கு. எனக்கு உசிரே போயிடுத்து. பூஜைக்கு அவர் வந்து நின்னா என்ன ஆறது? தலை சுத்தறது, இன்னிக்குக் கொஞ்சம் தாமசமா வெச்சுக்கலாமான்னேன். ஒரு வார்த்தை பேசாம சட்டையை மாட்டிண்டு வாசலுக்குப் போயிட்டார். அதுலேர்ந்து கதவைச் சாத்திட்டு நடுங்கிண்டிருக்கேன்.

தேசம்மா: நல்ல எடந்தான். அண்ணாச்சி அங்க வந்து தேட மாட்டாரு.

தங்கபுஷ்பம்: செத்தாலும் மாட்டாக. உங்க சாமி ரூமு நெலைக்கிட்ட நிக்கவே கூசுவாக. ஆனா மாமா பாத்துட்டா?

விஜயலக்ஷ்மி: என்னையும் சேர்த்து அந்த டிரம்முல போட்டு அனுப்பிடுவார்.

தேசம்மா: அது கெடக்கட்டும். நிக்கவே தெம்பில்லாம கெடந்திச்சே, இம்மாம் பெரிய செவுத்த அது எப்டித் தாண்டிச்சி?

விஜயலக்ஷ்மி: அதுதான் எனக்கும் புரியலை.

தங்கபுஷ்பம்: அது தாண்டல. ...நேத்து அந்தியில ஊசின்னு அவுக சொன்னதும் எனக்கு மனசு கேக்கல. முந்தானையில சுத்தித் தூக்கி, இந்தச் சுவத்து மேல நீட்டுனேன். "உங்க பட்டு எங்க பக்கம் வந்துருச்சு, பிடிங்க மாமி"ன்னேன். ஏன் எதுக்குன்னு ஒரு கேள்வி கேக்கல. ரெண்டு கையையும் நீட்டி, பிள்ளைய வாங்குத மாதிரி வாங்கிக்கிட்டிய. இருட்டுல உங்க மொகந் தெரியல. ஆனா அந்த நேரம் உங்க காலுல விழணும் போல இருந்துச்சு மாமி.

விஜயலக்ஷ்மி: நேத்து அந்தியிலயா?

தங்கபுஷ்பம்: ஆமா.

விஜயலக்ஷ்மி: நேத்து நான் கேசவப் பெருமாள் கோயில்ல உபன்யாசம் கேட்டுட்டு, ராத்திரி சாப்பாட்டுக்குத்தான் திரும்பினேன். அந்த நேரத்துல ஆத்துல மாமா மட்டும்தான்டி இருந்தார்.