ஏழு மில்லிமீட்டர்

ஞாயிறு காலை பத்தேகாலுக்கு நான் போனபோது பல் டாக்டர் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். மழை வரப்போகிறதே, எதற்குத் தண்ணீர் என்று கேட்டேன். வானத்தை நம்பி எந்த வேலையையும் தள்ளிப்போடுவதில்லை என்றார்.

நீங்கள் எழுதிக்கொள்ளலாம் ஐயா. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. இன்று காலை நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். விபத்து என்று நீங்கள் முடித்துவிட்ட விஷயம்தான். அதில் ஒரு சின்ன விளக்கம் மட்டும் பாக்கி இருக்கிறது.

நான் பழைய கார்களுக்கு விலை மதிப்பிடுகிறவன். சாதாரணக் கார்கள் அல்ல; வேகத்துக்கென்றே செய்யப்பட்டவை. இருபத்திரண்டு வருடமாக இதுதான் தொழில். எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான். ஒரே விலைக்கு வாங்கிய இரண்டு கார்களில் ஒன்று ஐந்து வருடத்தில் கால்வாசி இறங்குகிறது, இன்னொன்று முக்கால்வாசி இறங்குகிறது, ஏன்? ஓட்டுவதற்காக வாங்கப்படும் கார் மெதுவாக இறங்கும். பிறர் பார்ப்பதற்காக வாங்கப்படும் கார் வேகமாக இறங்கும். அடுத்த வருடம் பார்ப்பதற்கு வேறொன்று வந்துவிடும். ஸ்பார்க் பிளக் மாற்றவே இன்ஜினை வெளியே தூக்க வேண்டிய கார் இன்னும் வேகமாக இறங்கும். முதலில் வாங்குகிறவர் விலைக்குப் பயப்படுவதில்லை. இரண்டாவதாக வாங்குகிறவர் செலவுக்குப் பயப்படுகிறார்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிது, கடைசியாக விற்ற விலை. ஆயிரக்கணக்கில் ஓடும் காருக்கு ஒரு விற்பனை பொருட்டல்ல. ஊரில் இரண்டே இரண்டு இருக்கிறது என்றால், ஒருவர் அவசரத்தில் தள்ளிவிட்ட மாலையிலிருந்து மற்றதற்கும் அதுதான் விலை.

எங்கள் ஊரில் அந்த மாடல் இரண்டே இரண்டுதான். ஒன்று பல் டாக்டருடையது. ஒன்று என்னுடையது.

என்னுடையது என்பது என் மனைவிக்குத் தெரியாது. வாடிக்கையாளர் ஒருவருடையது, நம் ஷெட்டில் நிற்கிறது என்று சொல்லியிருந்தேன். அவளுடைய அம்மா அவளுக்கு விட்டுப்போன வீட்டை விற்றுத்தான் அதை வாங்கினேன். அவள் எழுதிக்கொடுத்த பவர் பத்திரம் என்னிடம் இருந்தது. விலை ஏறும் என்று கணித்திருந்தேன். இரண்டு வருடத்தில் வீட்டைத் திரும்ப வாங்கி, மிச்சத்தில் மாடி எடுக்கலாம் என்று நினைத்தேன். இறங்கியது. மாதாமாதம் வாடகை என்று சொல்லி என் சம்பாத்தியத்திலிருந்து அவளிடம் கொடுத்துவந்தேன். குடித்தனக்காரர்களைப் பற்றிக்கூடப் பேசுவோம். குழாய் ஒழுகுவதாகச் சொல்கிறார்கள் என்று ஒருமுறை சொல்லிவைத்தேன். பாவம், கைக்குழந்தை வைத்திருக்கிறார்கள், சீக்கிரம் ஆளை அனுப்புங்கள் என்றாள். அந்தக் கைக்குழந்தையும் நான் சொல்லி வந்ததுதான்.

இந்த மாதம் இருபதாம் தேதி அவளுடைய அண்ணன் ஓய்வுபெற்று வருகிறார். அந்த வீட்டில்தான் இருக்கப்போகிறார். குடித்தனக்காரர்களைக் காலிசெய்யச் சொல்லியாயிற்றா என்று தினமும் கேட்டாள். ஆயிற்று என்றேன். வீட்டை வாங்கியவர் நல்ல மனிதர். பழைய விலைக்கே திருப்பித் தருகிறேன், ஆனால் பத்தொன்பதாம் தேதிக்குள் என்றார். என் காருக்கும் ஓர் ஆள் கிடைத்திருந்தார், வெளியூர்க்காரர். விபத்து நடந்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு வருவதாக இருந்தார். அவர் சொன்ன விலையோடு என் கையிருப்பையும் சேர்த்தால் வீட்டுக்குச் சரியாகப் போதும்.

அந்த வாரம்தான் பல் டாக்டர் போன் செய்தார். மகள் மேல்படிப்புக்கு வெளிநாடு போகிறாள், காரை விற்றுவிடுகிறேன், ஞாயிறு மாலை நாலு மணிக்கு ஆள் வருகிறது, நீங்கள் காலையில் வந்து பார்த்து ஒரு சான்று எழுதித் தாருங்கள் என்றார். விலையைக் கேட்டேன். பாதிக்கும் கீழே. ஒரு மாதம் பொறுக்கச் சொன்னேன். பிறகு பத்து நாள் என்றேன். அவர் சிரித்தார்.

"போனா போகுதுண்ணே. காருதானே. வீட்டையா விக்கிறேன்?"

அவருக்கு ஒன்றும் தெரியாது. சாதாரணமாகச் சொன்ன வார்த்தை. நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

அவருடையது ஷெட்டிலேயே நின்ற கார். எட்டு வருடத்தில் நாலாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. இப்படிப்பட்ட காருக்கு எங்கள் தொழிலில் டயர் மாற்ற மாட்டார்கள். தொழிற்சாலையில் பூட்டிய அதே டயர் இருந்தால் மதிப்பு கூடும். டயர் எந்த வருடம் எந்த வாரம் செய்யப்பட்டது என்பது அதன் பக்கவாட்டில் நான்கு இலக்கமாக இருக்கும். இந்த மாடலில் அது உட்பக்கம். குனிந்தாலும் கண்ணில் படாது. கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடி ஒன்றை உள்ளே நீட்டிப் பார்ப்பேன். பல் பார்க்கிற கண்ணாடிதான், டாக்டர் கொடுத்தது. என் மனைவிக்குப் பல் கட்டிவிட்டுக் காசு வேண்டாம் என்ற அன்று, இதுவும் உங்களுக்கு உதவும் என்று கையில் வைத்தார்.

நாலு சக்கரத்தையும் பார்த்தேன். நாலும் எட்டு வருடத்துக்கு முந்தையவை. நகத்தால் அழுத்தினேன். ரப்பர் இறங்கவில்லை. வரிப்பள்ளத்தின் ஆழத்தை அளந்தேன். ஏழு மில்லிமீட்டர். புது டயரிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருக்கும்.

டாக்டர் என் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"சொத்தை ஏதாவது இருக்காண்ணே?"

"ஒன்னும் இல்ல டாக்டர். முத்து முத்தா இருக்கு."

வேடிக்கைக்குக் கேட்டார். நானும் வேடிக்கைக்குத்தான் சொன்னேன். சான்றில், டயர் அசல், ஆழம் ஏழு மில்லிமீட்டர் என்று எழுதினேன். இரண்டும் உண்மை. வயதை எழுத அந்தத் தாளில் கட்டம் கிடையாது.

அதற்குள் தூறல் விழ ஆரம்பித்திருந்தது. நின்றே கிடந்த இன்ஜின், ஆள் வருவதற்குள் நன்றாகச் சூடாக வேண்டும், வெளிவட்டச் சாலையில் இருபது நிமிடம் கொஞ்சம் அழுத்தி ஓட்டிவிட்டு வாருங்கள் என்றேன். இது எல்லோரிடமும் சொல்வதுதான். மழை விடட்டுமே என்றார். வந்த பிறகு கழுவித் துடைக்க நேரம் வேண்டாமா என்றேன். ஒரு பம்பர் நசுங்கினால் போதும். ஒரு கதவு. உதிரிபாகம் வர மூன்று மாதம் ஆகும். அதுவரை அந்தக் காரை யாரும் வாங்க மாட்டார்கள், என் வேலை முடிந்துவிடும். நான் நினைத்தது அவ்வளவுதான்.

டாக்டரின் மகள் மாடியிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். விற்பதற்குமுன் ஒரே ஒரு ரவுண்டு என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். பத்தொன்பது வயது. என்னை மாமா என்பாள். கதவை நான்தான் சாத்தினேன். பெல்ட் போட்டுக்கொள்ளச் சொன்னேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மிச்சம் உங்கள் அறிக்கையில் இருக்கிறது. மேம்பாலத்தின் இறக்கம், வளைவு, தடுப்புச்சுவர். டாக்டர் அந்த இடத்திலேயே முடிந்துபோனார். அவள் மூன்று நாள் இருந்தாள். ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். டாக்டரின் மனைவிக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தேன்.

விபத்து நடந்த மறுநாளே வெளியூர்க்காரர் கூப்பிட்டார். அந்தக் கார் ஆளைக் கொல்கிற கார் என்று பேசிக்கொள்கிறார்கள், எனக்கு வேண்டாம் என்றார். விபத்தில் பெயர் கெட்ட மாடல் எப்படி விழும் என்பதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். இத்தனை வருட அனுபவத்தில் நான் செய்த தவறு அது ஒன்றுதான்.

அதன் பிறகு தெரிந்த எல்லோரையும் கூப்பிட்டேன். முதலில் விலையைக் குறைத்தேன். பிறகு கெஞ்சினேன். நேற்று மாலை வெளியூர்க்காரரிடமே மறுபடி பேசிக்கொண்டிருந்தேன். காரில் ஒரு குறையும் இல்லை, குறை டயரில், எட்டு வருடம் நின்றே இறுகிப்போன ரப்பர், ஈரத்தில் பிடிக்காது, விவரம் தெரிந்தவன் எவனும் அதில் ஏற மாட்டான் என்றேன். பாதியிலேயே அவர் வைத்துவிட்டார்.

மனைவி அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. திரும்பியபோது வாசற்படியில் நின்றாள். கையில் என் சட்டை இருந்தது. வீட்டைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன். அதற்கு ஒரு பதில் வைத்திருந்தேன்.

"நம்ம ஷெட்ல நிக்குற காருக்குப் போன மாசமே நாலு டயரையும் மாத்துனீங்களே. அது எதுக்குங்க?"