மூணு கும்பிடு

அங்க இல்லண்ணே, இந்தப் பக்கம். அந்தச் சிலுவ ரொட்டிக்காரனோட அப்பாவுது. தப்பா அவரத் தோண்டி வச்சிட்டீங்கன்னா நாளைக்கு அவரையும் பதிதன், திருச்சபைக்கு விரோதமாப் போனவன்னு சொல்லி விசாரிப்பாங்க, எதுக்கு வம்பு. என் வீட்டுக்காரரு இந்தச் செவத்தோரம் இருக்காரு. ஆமா, நாந்தான் அமியேல் பொண்டாட்டி, ரிக்ஸெந்தா. சண்டைக்கு வரல, பயப்படாதீங்க. மண்வெட்டிய வச்சிட்டு உக்காருங்க மொதல்ல. ரொட்டி இருக்கு, மொச்சக் கஞ்சி இருக்கு. வெறும் வயித்தோட யாராவது குழி தோண்டுவாங்களா.

விசாரணச் சாமியாருங்களா? அவங்க இப்ப எங்க வரப்போறாங்க. பூசை முடியணும், அப்புறம் சாப்பாடு ஆகணும், அதுக்கப்புறம் இந்த மேடு ஏறணும். அந்தத் தடிச்ச சாமியாருக்கு நாலு எட்டு வச்சா மூச்சு வாங்கும். அவங்க வர்றதுக்குள்ள எலும்பெல்லாம் எடுத்துச் சாக்குல கட்டி வைக்கணும்னுதான ஒங்ககிட்ட சொல்லியிருக்காங்க? தெரியும். நேத்தே ஊருக்குள்ள தண்டோரா போட்டாச்சு. செத்துப்போன பதிதன் அமியேலோட எலும்பத் தெருத்தெருவா இழுத்துட்டுப் போயி ஆத்தங்கரையில எரிக்கப் போறோம், எல்லாரும் வந்து பாக்கணும்னு. உசுரோட இருந்தப்ப அவரு பாட்டக் கேக்கறதுக்குக்கூட யாரும் இப்படி ஊரக் கூட்டினதில்ல.

நீங்க எந்த ஊரு? ஓ, ஆத்துக்கு அந்தப் பக்கமா. அதான் மொகம் புதுசா இருக்கு. எங்க ஊருல குழி வெட்டுறவருக்கு நேத்துலேருந்து இடுப்புப் புடிச்சுக்கிச்சாம். நடக்கவே முடியலயாம். சாயங்காலம் பாத்தேன், கழுதைய வெரட்டிக்கிட்டு ஓடுறாரு. ஒங்களக் குத்தம் சொல்லலண்ணே. கூப்பிட்டு விட்டா வந்துதான் ஆகணும். வரலன்னா பதிதருக்கு ஒத்தாசன்னு ஒங்க சட்டையிலயும் மஞ்சச் சிலுவையத் தச்சு விட்டுருவாங்க, அப்புறம் எவன் ஒங்களுக்கு வேல குடுப்பான்.

ஆனா ஒண்ணு. பதிதன் எலும்பத் தோண்டுறோம்னு நெனச்சுத் தோண்டாதீங்க. நடந்தது என்னன்னு கேட்டுட்டுத் தோண்டுங்க.

எங்க வீட்டுக்காரரு கோட்ட கோட்டயாப் போயிப் பாடிப் பொழைக்கிறவரு. சொந்தமாப் பாட்டுக் கட்டுற பெரிய ஆளுன்னு ஊருல சொல்லிக்குவாரு, அடுத்தவன் கட்டின பாட்டுல ஊர்ப் பேர மட்டும் மாத்திப் பாடுவாரு. பிடில் ஒண்ணு உண்டு. அதுக்கு ஒரு நரம்பு எப்பவும் இருக்காது. அந்தத் தொழில்ல ஒரு வழக்கம் இருக்கு. பாட்டு பாடறதுக்கு முன்னாடி சீமாட்டிக்கு முன்னால மூணு தடவ மண்டி போட்டுக் குனிஞ்சு, உத்தமியே, என்ன ஆசீர்வாதம் பண்ணுங்கன்னு கேக்கணும். மரியாதைக்காகன்னு மத்தவங்க சொல்லுவாங்க. எங்க ஆளு என்ன சொல்லுவாரு தெரியுமா? மொத கும்பிடு கஞ்சிக்கு, ரெண்டாவது கறிக்கு, மூணாவது பழைய போர்வ ஏதாச்சும் கெடைக்குமான்னு. ரெண்டு கும்பிடோட நிறுத்தினா குளுருல நடுங்கிட்டேதான் வரணும்பாரு.

இப்ப நல்லவங்க இருக்காங்கல்ல, கறுப்பு அங்கி போட்டவங்க. சாமியாருங்க பதிதருங்கறாங்களே, அவங்கதான். அவங்களப் பாத்தா அவங்க வழியில போற நம்பிக்கைக்காரங்க எப்படிக் கும்பிடுவாங்க? ஒங்க ஊருலயும் பாத்திருப்பீங்க. சரி சரி, நீங்க பாத்ததில்ல, நான் கேக்கல. மூணு தடவ மண்டி போட்டுக் குனிஞ்சு, நல்லவரே, ஆசீர்வாதம் பண்ணுங்கன்னு கேப்பாங்க. ரெண்டும் ஒண்ணு போல இருக்கா? அதுலதாண்ணே எங்க குடும்பம் விழுந்துச்சு.

ஒரு மழைக்காலம். மலைமேல ஒரு கோட்டைக்குப் பாடப் போறாரு. அந்தக் கோட்டச் சீமான் செத்து ரொம்ப நாள் ஆகல, கைம்பொண்டாட்டி கறுப்பு உடுத்திக்கிட்டு உள்ளயே ஒக்காந்திருக்காங்கன்னு கேள்வி. துக்கத்துல இருக்கறவங்க கை தாராளமா இருக்கும்னு இவருக்கு ஒரு கணக்கு. பொழுது சாயுற நேரம், நனைஞ்ச கோழி மாதிரி போயிச் சேர்றாரு. வாசல்ல யாரும் இல்ல. நேரா அடுப்படிக்குப் போறாரு. உள்ள ஒரே பொகை. அடுப்பு முன்னாடி கறுப்புத் துணி போத்திக்கிட்டு, முக்காடு போட்டுக்கிட்டு, ஒல்லியா ரெண்டு பேரு. ஒண்ணு சீமாட்டி, ஒண்ணு தோழின்னு இவரே முடிவு பண்ணிட்டாரு. மண்டி போட்டாரு. ஒண்ணு, ரெண்டு, மூணு. என்ன ஆசீர்வாதம் பண்ணுங்கன்னாரு.

அவங்க ரெண்டு பேரும் நல்லவங்க, கறுப்பு அங்கிக்காரங்க, என்ன பண்ணுவாங்க பாவம். யாரோ நம்பிக்கைக்காரன், மழையில ஓடி வந்திருக்கான்னு நெனச்சுக்கிட்டாங்க. கடவுள் ஒன்ன நல்ல கிறிஸ்தவனாக்கி நல்ல சாவு குடுக்கட்டும்னு மெதுவாச் சொல்லியிருக்காங்க. இவருக்குக் கொஞ்சம் சப்புன்னு ஆயிருச்சு. வந்ததும் வராததுமா சாவப் பத்திப் பேசுதே இந்தம்மா, சோத்தப் பத்திப் பேசலயேன்னு. சரி, பாட்டக் கேட்டா எறங்கி வருவாங்கன்னு பிடில எடுத்துட்டாரு.

என்ன பாட்டுங்கறீங்க? ஒன் கண்ணப் பாத்து என் தூக்கம் போச்சு, ஒன் கழுத்தப் பாத்து என் புத்தி போச்சுன்னு வரும். நல்லவரு ஒருத்தர் முன்னாடி ஒக்காந்து, நரைச்ச தாடிய முக்காட்டுக்குள்ள வச்சிருக்கற கெழவர் முன்னாடி ஒக்காந்து, அவரு கழுத்தப் பத்திப் பாடறாரு இந்த மனுசன். பொண்ணுங்க ஒக்காந்த பெஞ்சுலகூட ஒக்கார மாட்டாங்க அவங்க. அந்தக் கெழவரு நெளியறாரு. இவரு, ஆகா, அம்மா வெக்கப்படறாங்க, இன்னொரு அடி சேத்துப் பாடுவோம்னு இடுப்பப் பத்தி ஆரம்பிச்சுட்டாரு. அப்பத்தான் அந்தப் பெரியவரு இருமினாரு. நல்ல கனத்த ஆம்பள இருமல். எங்க ஆளு பாட்ட நிறுத்திட்டு, அம்மா சளிக்குத் தேன் சாப்பிடுங்கன்னாராம்.

சிரிங்கண்ணே, சிரிங்க. இதுக்குச் சிரிக்காம எதுக்குச் சிரிக்கறது.

அப்புறம் வெளக்கு வந்துச்சு, தாடி தெரிஞ்சுச்சு, எல்லாம் ஆச்சு. அவங்க கோவிச்சுக்கல. மீனும் ரொட்டியும் குடுத்தாங்களாம். அந்த ரொட்டிய அவங்க ஜெபம் பண்ணிப் பிட்டுக் குடுப்பாங்க, நம்பிக்கைக்காரங்க அதப் பொத்திப் பொத்தி வருசக்கணக்கா வச்சிருப்பாங்க. இவரு ஒரே வாயில போட்டு முழுங்கிட்டு, பன்னித் தொட ஏதும் இல்லீங்களான்னு கேட்டிருக்காரு. அவங்ககிட்ட போயி. கறி மட்டுமா, முட்ட, பாலு, பாலாடக்கட்டின்னு எதையும் தொடாதவங்ககிட்ட.

அதோட விட்டாரா? வீட்டுக்கு வந்ததும் எங்கிட்ட சொன்னாரு. சிரிச்சுச் சிரிச்சு எனக்குப் பக்கம் வலிச்சிருச்சு. அப்புறம் சத்திரத்துல சொன்னாரு. மாவு மில்லுல சொன்னாரு. கல்யாண வீட்டுல பாட்டப் பாடச் சொன்னா அத விட்டுட்டு, அந்த மூணு கும்பிடுக் கதையச் சொல்லுன்னுதான் கேப்பாங்க. எழுந்து நின்னு நடிச்சே காட்டுவாரு. கும்பிடுவாரு, இருமுவாரு. அவரு பாடின பாட்டு எதையும் யாரும் ஞாபகம் வச்சுக்கல, அந்தக் கதை மட்டும் எல்லார் வாயிலயும் இருந்துச்சு. அப்புறம் அவரு காய்ச்சல்ல போயிட்டாரு. பங்குச்சாமி வந்து எண்ணெ பூசி, முறையாத்தான் பொதச்சோம்.

போன வருசம் இந்தச் சாமியாருங்க வந்தாங்க. கோயில்ல ஒக்காந்துக்கிட்டு ஒவ்வொருத்தரா கூப்பிட்டு, நற்செய்திப் புத்தகத்து மேல கைய வைக்கச் சொல்லி, பதிதனுக்கு முன்னாடி மண்டி போட்டுக் கும்பிட்டவன் யாரு, சொல்லுன்னா, என்ன சொல்லுவாங்க? உசுரோட இருக்கறவன் பேரச் சொன்னா அவன் நாளைக்கு நம்ம பேரச் சொல்லுவான். செத்தவன் என்ன பண்ணப் போறான்? சத்திரத்துக்காரரு மொதல்ல சொல்லியிருக்காரு, அமியேல் கும்பிட்டாருங்க, அவரே சொல்லிக் கேட்டேன்னு. மில்லுக்காரரும் அதையே சொல்லியிருக்காரு. கல்யாணத்துக்கு வந்தவங்க அத்தன பேரும் சாட்சி. எல்லாரும் உண்மையத்தாண்ணே சொன்னாங்க. அவங்கமேல எனக்குக் கோவம் இல்ல. இல்ல, பொய் சொல்றேன், இருக்கு. மில்லுக்காரரு பொண்டாட்டி மொகத்தப் பாத்தா வயிறு எரியுது. ஆனா அவங்களும் என்ன செய்வாங்க.

என்னையும் கூப்பிட்டாங்க. நான் ராத்திரி பூரா யோசிச்சு வச்சுக்கிட்டுப் போனேன். ஐயா, நல்லவங்க கறி திங்க மாட்டாங்க, எங்க வீட்டுக்காரரு வெள்ளிக்கிழமகூட விடாம திம்பாருன்னேன். அவங்க பொய் சொல்ல மாட்டாங்க, இவரு நெசம் சொல்லி நான் கேட்டதே இல்லன்னேன். அவங்க சத்தியம் பண்ண மாட்டாங்க, இவரு எச்சி முழுங்கறதுக்கு முன்னாடி ஆண்டவர் பேருல ஒரு சத்தியம் பண்ணுவாருன்னேன். அவங்க பொம்பளையத் தொட மாட்டாங்க, இவரு, ஐயா, சத்திரத்துல வேல பாத்த அந்த ரெண்டு பேரையும் கூப்பிட்டுக் கேளுங்கன்னேன். இதுக்கு மேல ஒரு நல்ல கத்தோலிக்கன் வேணுமான்னு கேட்டேன். எழுதிக்கிட்டிருந்தவரு எறகக் கடிச்சுக்கிட்டுக் குனிஞ்சுட்டாரு. அந்தச் சாமியாருங்க முன்னாடி புருசன் மானத்தக் கூறு போட்டு வித்தேண்ணே. அவரு எலும்பாச்சும் நிம்மதியாக் கெடக்கட்டும்னுதான். கூசிப் போச்சு எனக்கு. அவரு பாவம், அதுல பாதிதான் செஞ்சாரு.

தடிச்ச சாமியாரு எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டாரு. கேட்டுட்டு, அவன் குனிஞ்சானா இல்லையான்னாரு. குனிஞ்சாரு, ஆனா சீமாட்டின்னு நெனச்சுன்னேன். எத்தன தடவன்னாரு. மூணுன்னேன். ஆசீர்வாதம் கேட்டானான்னாரு. ஐயா, அவரு நாய் கொலைச்சாக்கூட ஆசீர்வாதம் கேப்பாருன்னேன். ரொட்டி தின்னானான்னாரு. அப்ப நான் அந்தக் கதைய மொதல்லேருந்து சொன்னேன். கழுத்து, இடுப்பு, இருமல், தேன், எல்லாம் சொன்னேன். சிரிச்சுட்டாருன்னா பொழச்சோம்னு நெனச்சேன். அந்த மனுசன் மொகத்துல ஒரு சதை ஆடல. தேன் குடுத்தானா, அப்போ பதிதனுக்கு உணவும் குடுத்திருக்கான், எழுதிக்கோன்னாரு.

தேன் குடுக்கலைங்க, சாப்பிடச் சொன்னாரு, அவ்வளவுதான்னு கத்தினேன். யாரு கேட்டா.

இன்னும் கொஞ்சம் கஞ்சி ஊத்தவா? குடிங்க. நான் எதுக்கு ஒங்களப் புடிச்சு வச்சு இவ்வளவு பேசறேன்னு நெனப்பீங்க. அவர விட்டுருங்கன்னு கெஞ்சத்தான் வந்திருக்கான்னு நெனச்சிருப்பீங்க. இல்லண்ணே. சாக்கு காலியா இருந்தா ஒங்களப் புடிச்சுக்குவாங்க, எனக்குத் தெரியாதா. அவர எடுத்துக்கட்டும். அவரு வாயாலயே வந்துச்சு, போகட்டும். மேல இருந்து பாத்தார்னா அதையும் ஒரு கதையாக்கிச் சொல்லுவாரு.

ஒங்களப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது பாருங்க. யாரு, எப்படின்னு தெரியாம ஒரு ஆளுகிட்ட ஒண்ண எப்படிக் கேக்கறது. அதான் கதையச் சொல்லிப் பாத்தேன். நீங்க சிரிச்சீங்க. கழுத்துக்கே சிரிச்சிட்டீங்க.

இந்தக் குழியில அவரு மட்டும் இல்லண்ணே.

அந்தக் காய்ச்சல் அவர எடுத்த மறுநாளே எங்க புருனாவையும் எடுத்துருச்சு. பொண்ணு. அப்பத்தான் ஓடிப் பழகியிருந்தா. அப்ப நல்ல பனி, மண்ணு பாறையா இறுகிக் கெடக்கு. ஒரு குழி வெட்டறதுக்கே நாக்குத் தள்ளிருச்சு. இன்னொரு குழி வெட்ட முடியல, அவரு நெஞ்சு மேலயே படுக்க வச்சுட்டோம். பங்குச்சாமிக்குத் தெரியும். போன வாரம் போயி, அவள மட்டும் எடுத்து வேற எடத்துல வைக்க வழி இருக்கான்னு கேட்டேன். எனக்குக் காது சரியாக் கேக்கல ரிக்ஸெந்தா, வீட்டுக்குப் போன்னாரு. அவருக்கும் பயம். இந்த விசாரணச் சாமியாருங்ககிட்ட சொன்னா பதிதனோட கெடந்ததெல்லாம் பதிதம்னு ஒண்ணாத்தான் கட்டுவாங்க. அவ யாருக்கும் கும்பிடு போட்டதில்லண்ணே. அவளுக்குக் கும்பிடவே தெரியாது.

சின்னதா இருக்கறதெல்லாம் அவளோடது. இந்தக் கீரக் கூடையில போடுங்க, உள்ள துணி விரிச்சிருக்கேன். மேல கீரைய வச்சு மூடித் தோட்டத்துப் பக்கமாப் போயிர்றேன், யாரும் கேக்க மாட்டாங்க.

மெதுவா வெட்டுங்க. ரொம்ப ஆழம் இருக்காது. அவரு நெஞ்சுக்கிட்ட வந்ததும் மண்வெட்டிய வச்சிட்டு, கையால எடுங்கண்ணே.