பாவாடையில் மூன்று மடிப்பு

தீபாவளிக்கு முந்தின வாரம். ஸ்ரீரங்கம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். மடியில் துணிக்கடைப் பை வைத்திருந்த இளையவள் சொன்னாள்:

"பெரியவ பாவாடைக்கு மடிப்பு வைக்க வேண்டாம்னு டெய்லர்கிட்ட சொல்லப் போறேன் அண்ணி."

வளர்கிற பிள்ளைக்கு மடிப்பில்லாமல் யார் பாவாடை தைப்பார்கள்? காதைத் தீட்டிக்கொண்டேன்.

"என்ன பேச்சு இது வசந்தா? உயரமானா பிரிச்சு விட வேண்டாமா?"

"போன தீபாவளிக்கு மூணு மடிப்பு வெச்சேன். இதயத்துல ஓட்டையை அடைச்சாச்சு, இனிமே மளமளன்னு வளருவாள்னு டாக்டர் சொன்னாரேன்னு."

"ஆமா."

"மூணும் அப்படியே இருக்கு அண்ணி. ஒண்ணைக்கூடப் பிரிக்கலை. போன வாரம் திரும்பக் காட்டினோம். அடைச்சது சரியா நிக்கலையாம். இன்னொரு ஆபரேஷனை அவ உடம்பு தாங்காதுன்னு கையை விரிச்சுட்டாங்க."

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. அண்ணி பையைப் பிரித்து உள்ளே இருந்த துணியைத் தொட்டுப் பார்த்தாள்.

"சின்னவளுக்கும் இதே துணிதானே எடுத்திருக்கே?"

"ஆமா அண்ணி."

"அப்ப ரெண்டு பேருக்கும் மடிப்பு வைக்கச் சொல்லு. தங்கச்சிக்கு இருந்து தனக்கு இல்லேன்னா, அந்தக் குழந்தைக்குப் புரிஞ்சிடும்."