வீட்டுக்கு ஒரு கேன்

— உப்பு காரணமில்ல அண்ணி. எத்தனை தடவை சொல்றது? அண்ணனோட கேன்ல உப்பு கம்மி. உங்க குடியிருப்புல எங்க உப்பு ஆராய்ச்சிக்குச் சிறுநீர்க் கேன் குடுத்த அத்தனை வீட்டுலயும் அண்ணனோடதுதான் கம்மி. அவர் கிட்னிக்கு என்னமோ ஆயிடுச்சுன்னா, அதுக்கு உங்க சமையலை யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க, சரியா?

— சொன்னா வாங்கிக்க வேண்டியதுதான் பாப்பா. உப்பைத் தின்னவ தண்ணி குடிச்சுத்தானே ஆகணும்.

— இப்ப எதுக்குப் பழமொழி? கண்ணைத் தொடைங்க. அந்தக் கதவுக்கு உள்ளதான் அண்ணன் துணி மாத்திட்டு இருக்காரு. நீங்க அழறதைப் பாத்தா இன்னும் பயந்துடுவாரு.

— அழலை. மூஞ்சியே இப்ப இப்படித்தான் இருக்கு.

— ஆமா, நல்லா வீங்கிக் கிடக்கு. தூங்கலையா?

— எங்க தூங்கறது. என்னமோ போ.

— இதென்ன, அண்ணன் செருப்பைப் போட்டுட்டு வந்திருக்கீங்க?

— அவசரத்துல கால்ல ஏறினதைப் போட்டுட்டு வந்தேன். அதை விடு. அந்த ஊசி எவ்வளவு நீளம்?

— நீளத்தை எதுக்குக் கேக்கறீங்க? முதுகுப் பக்கம் மரத்துப்போக மருந்து போட்டுட்டு, கிட்னியிலேர்ந்து ஒரு துணுக்கு எடுப்பாங்க. அரிசி அளவுகூட இருக்காது.

— ரத்தம் வருமா?

— சில பேருக்கு வரும். எப்பவோ ஒருத்தருக்கு நிக்காமப் போகும். அதுக்குத்தான் இங்கயே படுக்க வெச்சுப் பாத்துக்கறாங்க.

— எடுக்காம விட்டா என்னவாம்?

— எப்படி விடறது? ரெண்டு கேன்லயும் புரதம் போயிருக்கு. முதல் கேன்ல லேசா, ரெண்டாவதுல நிறைய. போன வாரம் இங்க வந்து குடுத்த சின்ன டப்பாவுலயும் போயிருக்கு. ஆனா ரத்தத்துல ஒண்ணுமே இல்ல, ஸ்கேன்லயும் இல்ல, ஆள் கல்லு மாதிரி இருக்காரு. பெரிய டாக்டருக்கே பிடிபடலை. அதான் துணுக்கு எடுத்துப் பாத்துடலாம்னுட்டாரு.

— டாக்டருக்கே பிடிபடலைங்கற.

— வாய் பொய் சொல்லும், கேன் பொய் சொல்லாது அண்ணி. நான் போற மேடையில எல்லாம் இதைத்தான் முதல்ல சொல்லுவேன். எவ்வளவு உப்பு சேத்துக்கறீங்கன்னு கேளுங்க, எல்லாரும் ஒரு சிட்டிகைம்பாங்க. ரொட்டியில இருக்கறது, பிஸ்கட்டுல இருக்கறது, பாக்கெட் சிப்ஸ்ல இருக்கறது யாருக்கும் கணக்குலயே வராது. ஒரு நாள் பூரா போற ஒண்ணுக்கைச் சொட்டு விடாம இந்தக் கேன்ல பிடிச்சுக் குடுங்கன்னு சொன்னா, அப்பத் தெரியும் வண்டவாளம்.

— மெதுவாப் பேசும்மா. எதிர்ல ஆளுங்க உக்காந்திருக்காங்க.

— இதுல என்ன வெக்கம்? இந்த வெக்கம்தான் என் வேலையைக் கெடுக்குது. உங்க மூணாவது மாடி நீதிபதி கேனை எப்படிக் குடுத்தாரு தெரியுமா? கல்யாணப் பரிசு மாதிரி கலர்ப் பேப்பர் சுத்தி, மேல ரிப்பன் கட்டி.

— பாவம், அவருக்கும் மானம்னு ஒண்ணு இருக்கும்ல.

— ஏய் உப்பு டாக்டர், யாரைப் பத்தி வம்பு பேசறீங்க ரெண்டு பேரும்?

— அண்ணா, உங்களை யாரு வெளிய வரச் சொன்னது?

— முடிச்சுப் போட ஆள் வேணும்மா. இந்த அங்கிக்கு முன்னாலதான் துணி வெச்சிருக்கான். பின்னால ஊருக்கே காட்சி. இவளே, இதைக் கொஞ்சம் இழுத்துக் கட்டு.

— திரும்புங்க. முடிச்சு நிக்க மாட்டேங்குதுங்க.

— குத்து வாங்கப் போறவன் நான், பதட்டம் உனக்கா? இத்தனை வருஷமா ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கத்துக் குடுக்கறேன். பக்கத்துல உக்காந்தவன் ஒவ்வொருத்தனும் என்னைக் கொல்லத்தான் பாத்திருக்கான். அதுலயே தப்பிச்சவன், ஒரு ஊசியிலயா போகப் போறேன்?

— காலங்காத்தால என்ன பேச்சு இது. வாயைக் கழுவுங்க.

— மானம் அப்பவே போச்சு, உயிர் போனா என்ன. பாப்பா, நீ முதல் கேனைப் பாத்துட்டு என்னை விரட்டினியே, ஒழுங்காப் பிடிக்கலை, பாதிதான் இருந்துச்சுன்னு. எனக்கு ரோஷம் வந்துடுச்சு. ரெண்டாவது தடவை கேனை டிக்கியில வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் சுத்தினேன். கத்துக்க வந்த பொண்ணு கேக்குது, சார் அது ரேடியேட்டருக்கு ஊத்தற தண்ணியான்னு. ஆமாம்மா, தொடாதேன்னேன்.

— அய்யோ அண்ணா.

— சிரி, நல்லாச் சிரி. உனக்காகத்தான் கழுத்து வரைக்கும் நிரப்பினேன்.

— எங்க கழுத்து வரைக்கும் இருந்துச்சு? அதுவும் பாதிதான்.

— பாதியா? மூடியைத் திருகறப்போ கையெல்லாம் வழிஞ்சுது. இவகிட்ட கேளு. இவ கையிலதான் குடுத்துட்டுக் கிளம்பினேன்.

— முடிச்சுப் போட்டாச்சு. உள்ள போங்க, சிஸ்டர் கூப்பிடறாங்க.

— எங்க கூப்பிட்டாங்க?

— ஐயா, இங்க நிக்கறீங்களா? வாங்க, டாக்டர் வந்துட்டாரு.

— பாத்தியா, இவளுக்குப் பாம்புக் காது. சரி, வர்றேன். பாப்பா, உங்க அண்ணிக்கு ஒரு டீ வாங்கிக் குடு. காலையிலேர்ந்து பச்சைத்தண்ணி பல்லுல படலை அவளுக்கு.

— போயிட்டு வாங்க அண்ணா. நாங்க இங்கயேதான் இருப்போம்.

— கதவைச் சாத்திட்டாங்க பாப்பா.

— சாத்தத்தான் செய்வாங்க. அண்ணி, இங்க பாருங்க. அண்ணன் அளப்பாரே ஒழிய, பொய் சொல்ற ஆளில்ல.

— இல்ல.

— வழிய வழியக் குடுத்தேங்கறாரு. என் கைக்கு வந்தப்போ பாதிதான். நடுவுல இருந்தது நீங்க மட்டும்தான். கொட்டிட்டீங்களா?

— கொட்டினேன்.

— இதைச் சொல்றதுக்கா இவ்வளவு தயக்கம்? கை தவறிக் கொட்டாதவங்க யாரு. அப்பவே சொல்லியிருந்தா இன்னொரு கேன் குடுத்திருப்பேனே.

— பாப்பா, நீ போய் அந்தக் கதவைத் தட்டு.

— எதுக்கு?

— ஊசி போட வேணாம்னு சொல்லு.

— பயப்படாதீங்க அண்ணி, மரத்துப்போற மருந்து குடுத்துட்டுத்தான்…

— பாதியைக் கொட்டலை. பூராத்தையும் கொட்டினேன்.

— பூராத்தையும்னா? அப்ப என்கிட்ட குடுத்தது?

— என்னோடது. ரெண்டு கேனும் என்னோடது. என் மூஞ்சியைப் பாத்துட்டு நிக்காத தாயே. முதல்ல தட்டு. அப்புறம் செருப்பைக் கழட்டி அடிச்சாலும் வாங்கிக்கறேன்.

— சிஸ்டர். சிஸ்டர், கொஞ்சம் திறங்க. டாக்டரை நிறுத்தச் சொல்லுங்க.

— என்னம்மா, அவரைக் குப்புறப் படுக்க வெச்சாச்சு. மருந்து ஏத்தப் போறாங்க.

— வேணாம். அந்தக் கேன் ரிப்போர்ட் அவரோடது இல்ல. மாறிப் போச்சு. நான் ஆராய்ச்சிக்கூடத்துலேர்ந்து வர்றேன், தப்பு என் பக்கம்தான்.

— உங்க கேன் மாறினா மாறட்டும்மா. எங்க லேப்ல பாத்தோமே, சின்ன டப்பா? அதுலயும் அதேதானே வந்துச்சு?

— அதுவும் என்னோடதுதான் சிஸ்டர்.

— நீங்க யாரு?

— அவர் சம்சாரம். டப்பாவைக் கையில பிடிச்சுட்டு அத்தனை பேர் நடுவுல நடக்க மாட்டேன்னு என்கிட்ட குடுத்தாரு. நான் கழிவறைக்குள்ள போய் மாத்திட்டேன். அவருக்கு ஒண்ணும் தெரியாது. அவரை ஒண்ணும் பண்ணிடாதீங்க.

— நல்ல குடும்பம்மா. நில்லுங்க, சொல்லிட்டு வர்றேன். டாக்டர் கத்தப் போறாரு, ரெண்டு பேரும் எங்கயும் போயிடாதீங்க.

— உக்காருங்க அண்ணி. எல்லாரும் பாக்கறாங்க.

— பாக்கட்டும். ஏன் நீ உன்மேல பழியைப் போட்டுக்கிட்ட?

— வேற என்ன சொல்றது, எங்க அண்ணி இப்படிப் பண்ணிட்டாங்கன்னா? எப்படி அண்ணி உங்களால முடிஞ்சுது? ஒரு மனுஷனை முதுகைத் திறந்து படுக்க வெக்கற வரைக்கும் வாயைத் திறக்காம?

— சொல்லணும்னுதான் இருந்தேன். நாக்கு எழும்பலை. நேத்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு, என்னால உனக்குத்தானே அலைச்சல்னாரு. அதுக்கப்புறம் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது? கூசிப் போச்சு பாப்பா. உடம்பெல்லாம் கூசிப் போச்சு.

— எதுக்கு இதை ஆரம்பிச்சீங்க?

— நீதான் கேனைக் கொண்டுவந்து கூடத்துல வெச்சுட்டுப் போன. அவர் பேருக்கு ரெண்டு தடவை பிடிச்சுட்டு, அப்புறம் அதைக் கண்ணெடுத்துப் பாக்கலை. கூடப் பொறந்தவ கையில போய் இதைக் குடுக்கறதான்னு குறுகிப் போயிட்டாரு. நீயோ, யாருமே தர மாட்டேங்கறாங்க, அண்ணனும் கைவிட்டா என் ஆராய்ச்சி அம்போன்னு அழுத. உனக்கும் ஆகணும், அவர் மானமும் போகக் கூடாது. அவருக்குத் தெரியாம அதைக் கொட்டிட்டு, நான் பிடிச்சுக் குடுத்தேன். ஒரே அடுப்பு, ஒரே சமையல். உப்பு யார் வயித்துல போய் வந்தா என்னன்னு நெனச்சேன்.

— ஒரே சமையலா. அண்ணி, அந்தக் கணக்கைத்தான் நான் அத்தனை பெரிய ஆளுங்க முன்னால போட்டுக் காட்டினேன். ஒரே ஒருத்தர், முதல் கேனுக்கும் ரெண்டாவது கேனுக்கும் நடுவுல, உப்பைப் பாதியாக் குறைச்சிருக்காருன்னு. கைதட்டினாங்க. பேர் சொல்லலையே ஒழிய, எங்க அண்ணன்னு எனக்குள்ள அவ்வளவு பெருமை.

— வீட்டுக்கு வந்து சொன்னியே. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு.

— எனக்குத் தெரிஞ்சிருக்கணும். ஒருத்தர் முழுசாப் பிடிச்சாரான்னு பாக்க எங்களுக்குன்னு ஒரு கணக்கு இருக்கு. உடம்புல இருக்கற தசைக்குத் தக்கபடி ஒரு கழிவு வரும். அண்ணன் உடம்புக்கு வரவேண்டியதுல பாதிதான் வந்துச்சு. வேற யாரோடதா இருந்தாலும் அந்தக் கேனை ஓரமா ஒதுக்கியிருப்பேன். நம்ம அண்ணன்தானே, பாதியைப் பிடிக்க மறந்திருப்பாருன்னு சேத்துக்கிட்டேன். அது ஒரு மெலிஞ்ச பொம்பளையோட அளவு அண்ணி. ரெண்டு தடவையும்.

— விடு பாப்பா. நீ என்ன பண்ணுவ.

— எப்படி விடறது? இருங்க. அப்போ அந்தப் புரதம்… அண்ணி, காலைக் காட்டுங்க.

— வேணாம், ஆளுங்க இருக்காங்க.

— செருப்பைக் கழட்டுங்க.

— கழட்டிட்டா மறுபடி ஏறாது. என் செருப்பு எதுவும் ஏறலைன்னுதான் இதைப் போட்டேன்.

— பரவாயில்ல, கழட்டுங்க. அய்யோ. விரலை வெச்சா குழி விழுது. அப்படியே நிக்குது. எப்பலேர்ந்து?

— கொஞ்ச காலமா.

— கொஞ்ச காலம்னா? ரெண்டாவது கேனுக்கு அப்புறமா?

— முதல் கேனுக்கு முன்னாலயே.

— முதல் கேன்ல லேசாப் புரதம் இருக்குன்னதும் நான் பாதி வேலையில எழுந்து ஓடி வந்தேன். அண்ணனை உக்கார வெச்சுக் கண்ணைப் பாத்தேன், காலை அமுக்கிப் பாத்தேன். நீங்க பக்கத்துல நின்னுட்டு இருந்தீங்க.

— டீ போட்டுக் குடுத்தேன்.

— ஆமா. டீ குடுத்தீங்க. நான் குடிச்சேன். எனக்கு வெக்கமா இருக்கு அண்ணி.

— உனக்கென்ன வெக்கம்? கட்டினவனைக் கத்திக்குக் கீழ படுக்க வெச்சவ நான். அவர் வெளிய வந்தா அவர் கண்ணைப் பாக்க எனக்குத் தெம்பில்ல.

— நான் சொல்லிக்கறேன். முதல் பொய் வெளிய வந்துடும்னு பயந்துட்டாங்கன்னு சொன்னா அவருக்குப் புரியும். ரெண்டாவதா அவரோடதைக் குடுத்தா, ரெண்டும் ஒத்துப் போகாது, மாட்டிக்குவோம்னு நெனச்சீங்க. அதானே?

— அந்தப் பயமில்ல பாப்பா.

— பின்ன? அவரே வெக்கத்தை விட்டுட்டு, ஊரெல்லாம் சுமந்து நிரப்பினதை எதுக்குக் கொட்டினீங்க? என் உடம்புக்கு இப்படி இருக்குன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அன்னிக்கே உங்களை இங்க கூட்டிட்டு வந்திருக்க மாட்டேனா?

— சொன்னேனே. முதல் கேனை எடுக்க நீ வந்தப்போ வாசல்ல நின்னு சொன்னேன், கால் வீங்குது பாப்பா, என்னோடதையும் ஒருவாட்டி பாத்துச் சொல்லேன்னு. வீட்டுக்கு ஒருத்தர்தான் அண்ணி, நீங்க உப்பைக் குறைங்க, சரியாப் போயிடும்னுட்டுப் படி இறங்கிட்ட. குறைச்சேன், வடியலை. அவர் பேர் எழுதின கேனைத்தான் நீ பாப்பேன்னு புரிஞ்சுது. அதான் கொட்டினேன்.