பவளத்துக்காகத் தள்ளிப்போன ஞாயிறு

“ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வாராங்க. நீ பாறை வெளுத்துருச்சுன்னு கெளம்புற.”

ஆனையூரிலிருந்து மாட்டுத்தாவணி போகும் பஸ். முன் சீட்டில் ஒரு பெண்ணும் அவள் சித்தப்பாவும். மண்டபத்தில் கடலுக்குள் இறங்கிப் பவளப்பாறையைப் பார்ப்பது அவள் வேலை என்று பேச்சில் தெரிந்தது.

“அது உசுரு சித்தப்பா. உள்ள ஒரு பாசி இருக்கு. அதான் அதுக்கு நெறம், அதான் சோறு. தண்ணி சூடானா பாசி வெளியேறிரும்.”

“செத்துருச்சா?”

“இன்னும் இல்ல. நெறம் கொறைஞ்சிருக்கு. நெல்லு எலைய வண்ண அட்டையில வச்சுப் பாப்பீங்கள்ல? எங்ககிட்டயும் அப்படி ஒரு அட்டை இருக்கு.”

“பயிர் வெளுத்தா நான் யூரியா போடுவேன். நீ என்னத்தப் போடுவ?”

“ஒண்ணும் போட முடியாது. தண்ணி சீக்கிரம் குளுந்தா பொழைக்கும்.”

“அப்பறம் எதுக்குப் போற?”

“எது எம்புட்டு வெளுத்துச்சுன்னு இப்பப் பாத்தாத்தான், பெறகு எது பொழைச்சதுன்னு தெரியும்.”

“அது வெளுக்குது, நீ கருத்துப் போற.”

அவள் சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டார்.

“அண்ணே, பொண்ணு பாக்குறத அடுத்த மாசம் வச்சுக்குவோம். பிள்ளைக்கு ஒண்ணும் இல்லண்ணே. பயிரு வெளுத்துருச்சு, போயிப் பாக்கணும்.”

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள்.

“கடல்ல” என்றார்.